தொட்டியில் பாசி

சாயங்காலம் ஆள் வரும் அத்தை, தொட்டியை எடுத்துட்டுப் போயிடுவாங்க என்று சொல்லிவிட்டு யாமினி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டப்பென்று அறைந்து சாத்தியிருந்தாலாவது கோபம் என்று எடுத்துக்கொள்ளலாம், இது மெத்தென்று, இனிப் பேச ஒன்றுமில்லை என்கிற மாதிரி. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிட்டாள். சிரிக்கிறாள் வேறு. முகம் தெரியாத யாருக்கோ கொடுக்க அவளிடம் சிரிப்பெல்லாம் இருக்கிறது, மாமியாரிடம் வரும்போதுதான் தீர்ந்துபோகும். உலகம்மாள் கூடத்தில் மீன்தொட்டிக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை ஈரம். கையில் வீட்டுக்காரர் பேர் போட்ட பழைய ஏடிஎம் கார்டு. அவர் போன பிறகு இனிமே இது ஒண்ணுக்கும் ஆகாதும்மா என்று பேங்கில் சொன்னார்கள், ஆனாலும் பேர் எழுந்து நிற்கிற அட்டையைக் குப்பையில் போட மனசு வராமல் பர்ஸிலேயே வைத்திருந்தாள், கடைசியில் கண்ணாடியில் ஒட்டின பாசியைச் சுரண்ட அதைப் போலத் தோதான சாமான் வேறில்லை என்று ஆகிவிட்டது. புண்ணில் பொருக்கு உரிகிற மாதிரி பாசி சுருண்டு வருகிறது. வந்த இடத்தில் ஒரு விரற்கடை வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு ஏஞ்சல் மீன் வந்து நின்று அவளைப் பார்த்து வாயை வாயைத் திறக்கிறது. நமச்சிவாய, வழி. நமச்சிவாய, வழி. ஒரு மூலைக்குப் போய்த் திரும்புவதற்குள் வழித்த இடம் மறுபடி மங்கின மாதிரித் தெரிகிறது. காலையில் காபி டம்ளரோடு நின்றவாக்கில் யாமினி கேட்டாள்: “அத்தை, இதுல மீன் வளர்க்கிறீங்களா, கீரை வளர்க்கிறீங்களா?” கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள். கீரையாம். எகத்தாளத்தைப் பார். நமச்சிவாய. கீரையா வளர்க்கிறேன், கீரையா.

மகன் பரமு கப்பல் வேலைக்குப் போகிறபோது என்ன சொல்லிவிட்டுப் போனான்? எம்மா, தென்காசியில தனியா இருந்து என்ன செய்யப் போற, வீட்டை வாடகைக்கு விட்டுட்டு இங்க வந்திரு, நான் திரும்பி வாரவரைக்கும் எம்மீனை நீதான் பாத்துக்கிடணும், யாமினிக்கு அதெல்லாம் பொறுமை கெடையாது. அந்த ஒரு சொல்லில்தான் அவள் இந்த வீட்டில் நிற்கிறாள். மகனுக்காக வந்தாள் என்று சொல்ல மகன் இங்கே இல்லை, ஏதோ கடலில் இருக்கிறான். மருமகளுக்காக வந்தாள் என்று சொன்னால் மருமகளே சிரிப்பாள். மீனுக்காக வந்தவள். மீன் இருக்கிறவரைக்கும் அவளுக்கு இந்தக் கூடத்தில் ஒரு ஸ்டூல் உண்டு. போன வாரமே யாமினி மெல்ல அடி போட்டுப் பார்த்தாள்: உங்களுக்கும் இங்க போரடிக்குமே அத்தை, செண்பகம் அண்ணி வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்களேன். செண்பகம் வீட்டில் எங்கே இருப்பது? அங்கே மாமனார், மாமியார், அவர்கள் கட்டில், அவர்கள் டிவி. மகள் வீட்டில் சம்பந்தி முகத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை வேளை தட்டை நீட்டுவது. வாடகைக்கு விட்ட வீட்டை உடனே திருப்பிக் கேட்க முடியுமா? தொட்டி போனால் ஸ்டூல் போகும். ஸ்டூல் போனால் உலகம்மாள் போகவேண்டியதுதான். இவ்வளவையும் இந்தப் பாசி அல்லவா செய்கிறது, வாயில்லாத, கண்ணில்லாத, வேர்கூட இல்லாத இந்தச் சனியன். அவள் கார்டை அழுத்தி வழித்தாள். பாசி நகக்கண்ணில் புகுந்தது. முகர்ந்தால் குளத்து நாற்றம். சாப்பிடும்போதும் அந்த நாற்றம் கையில் இருக்கிறது, பொட்டு வைக்காத நெற்றியில் திருநீறு பூசும்போதும் இருக்கிறது. கண்ணாடியில் ஒட்டுகிற பாசி ஒரு தினுசு. மரக்கட்டையில் முடி மாதிரி முளைத்து அசைகிறதே, அது இன்னொரு தினுசு, அதைப் பார்த்தால் தண்ணீருக்கடியில் யாரோ தலையைக் கவிழ்த்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். பிடுங்கினால் வழுக்கிக்கொண்டு வரும், வேர் என்று ஒன்று இருந்தால் பிடித்து இழுக்கலாம், இல்லையே. எங்கேயிருந்து வருகிறது, யார் விதைத்தது.

பரமு போனில் சொன்ன ஒவ்வொன்றையும் விரதம் மாதிரி இருந்து செய்தாள். லைட்டை ரொம்ப நேரம் போடாதம்மா என்றான், போடவில்லை. ஜன்னல் வெயில் படப்படாது என்றான், தன்னுடைய கெட்டிக்கரைச் சேலையைத் திரையாகக் கட்டினாள், அதற்கும் யாமினி வீடு துணிக்கடை மாதிரி இருக்கு என்று முகத்தைச் சுளித்தாள். சாப்பாட்டைக் குறை என்றான், குறைத்தாள். மீன் கண்ணாடியில் முட்டி முட்டிக் கேட்கும்போது பெத்த வயிறு கேட்காமல் போகுமா, அப்படியும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு குறைத்தாள். தண்ணீரை மாற்று என்றான், வாளி வாளியாக இடுப்பு ஒடிய மாற்றினாள். பாசியைத் தின்னும் என்று கடைக்காரன் கொடுத்த டேங்க் கிளீனர் மீன் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு, விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி, சும்மா கிடக்கிறது. மருந்து ஊற்றினாள், இரண்டு நாள் தெளிந்தது, மூன்றாம் நாள் முன்னைவிடப் பச்சை. மனிதர் செய்யக்கூடியதெல்லாம் செய்தாயிற்று. பிறகும் வளர்கிறது என்றால் யாரோ வளர்க்கிறார்கள். இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருத்தி நான். நமச்சிவாய, இப்படி நினைக்கலாமா, இன்னொரு வீட்டுப் பெண் அவள், நம்பி வந்தவள். ஆனால் நினைப்பு என்ன கேட்டுக்கொண்டா வருகிறது. அன்றைக்குத் தொட்டிப் பக்கம் நின்றாளே, கையில் காலி டம்ளர், அதில் என்ன இருந்தது? அத்தை ஊருக்குப் போகட்டும் என்று எதையாவது ஊற்றுகிறாளோ? போன் இடுப்பில் அதிர்ந்தது. செண்பகம். மூடின கதவைப் பார்த்துக்கொண்டே உலகம்மாள் குரலை இறக்கினாள். “சொல்லுட்டி.” “என்னம்மா, இன்னைக்கு என்ன செஞ்சா?” செண்பகம் எடுத்த எடுப்பில் இதைத்தான் கேட்பாள், சாப்பிட்டியாம்மா என்பதெல்லாம் அப்புறம். “சாயங்காலம் ஆள் வாரானாம், தொட்டியத் தூக்க.” “பாத்தியா! நான் சொன்னேன்லா. அவ எதையோ ஊத்துதாம்மா. சோப்புத் தண்ணியோ என்ன எழவோ. இல்லாட்டி ஒரு மீன் சும்மா சாகுமா?” “மெள்ளப் பேசு.” “நான் எதுக்கு மெள்ளப் பேசணும், நான் தென்காசில இருக்கேன். நீ நான் குடுத்துவிட்ட துர்நூத்துப் பொட்டணத்தை மொத்தமா உள்ள போடு. நம்ம கோசாலைத் துர்நூறு, சாணம் சுட்டது, கடைச் சுண்ணாம்பு இல்ல. எந்தக் கண்ணேறும் செய்வினையும் நிக்காது.” “போடுதேன்.” “சாயங்காலம் கூப்பிடுதேன், என்ன நடந்துச்சுன்னு சொல்லணும், என்ன.” போன் நின்ற பிறகும் மகளின் குரல் காதில் கதகதவென்று இருந்தது. இந்த வீட்டில் அவளுக்கென்று இருக்கிற ஒரே சூடு அதுதான். கொஞ்சம் கசப்பான சூடு. அதனால் என்ன, கஷாயமும்தான் கசக்கிறது.

மீன் செத்தது. அதை நினைத்தால் கை நிற்கிறது. பொன்வண்ண மீன், வாலை முந்தானை மாதிரி விரித்துக்கொண்டு வரும், அவள் விரலை வைத்தால் விரலைத் தொடரும். அதற்கு மட்டும் அவள் பேர் வைத்திருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை காலையில் பக்கவாட்டில் மிதந்தது. கறிவேப்பிலைத் தொட்டியில் புதைக்கலாம் என்று அவள் தேங்காய்ச் சிரட்டையைத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போய் வருவதற்குள் யாமினி அதை டிஷ்யூ காகிதத்தில் எடுத்துக்கொண்டுபோய் டாய்லெட்டில் போட்டு இழுத்துவிட்டாள். “ஸ்மெல் வரும் அத்தை, அதான்.” அந்தத் தண்ணீர் சத்தம். சிரட்டையோடு நின்றாள் உலகம்மாள். அப்போதுதான் வந்தது அது, அடிவயிற்றிலிருந்து, இவள் இல்லாமல் போகட்டும் என்று. பெற்ற பிள்ளைகளை ஒருநாள் கைநீட்டி அடித்ததில்லை, தெருவில் யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை, அவரே சொல்லுவார், உனக்குக் கோவம்னு ஒரு சாமானைப் படைக்க மறந்துட்டான்டி என்று. மறக்கவில்லை போலிருக்கிறது. அடியில் எங்கேயோ வைத்திருந்தான், வெளிச்சம் பட்டதும் தளிர்க்கிறது. பூஜைக்கு உட்கார்ந்தால் சாமி படத்துக் கண்ணாடியில் பின்னால் இருக்கிற தொட்டி தெரிகிறது, ஈஸ்வரன் முகத்தில் பச்சை. கண்ணை மூடினால் மூடின கண்ணுக்குள் பச்சை. அவள் பேரைச் சொல்லிச் சபிக்கவில்லை, ஆண்டவனே, பேரைச் சொல்லவில்லை. தொட்டிக்காகத்தானே வேண்டினேன். காலையில் விளக்கேற்றினதும் ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து, எல்லாம் தழைக்கணும் ஈஸ்வரா என்று சொல்லித் தண்ணீரில் விடுவாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் பூசி ஒரு சிட்டிகையை நாக்கில் போட்டு அப்படித்தானே வளர்த்தாள். மீனுக்கு நெற்றியில்லை, அதனால் தண்ணீரில். பாசி கூடக்கூடச் சிட்டிகையும் கூடிற்று. செவ்வாய், வெள்ளி என்றால் உள்ளங்கை கொள்ளும் அளவு. போட்டதும் வெள்ளையாக, புகை மாதிரி இறங்கும், மீனெல்லாம் அதற்குள் போய் வரும், பார்க்கவே நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதி மத்தியானம்வரைக்கும் தாங்கும்.

கார்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தாள். முழங்கால் விண்ணென்றது. பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் பொட்டணம், செண்பகம் தென்காசியிலிருந்து கொடுத்துவிட்டது, அரைப்படிக்குமேல் இருக்கும். எடுத்துப் பிரித்தாள். சாணம் சுட்ட வாசனை, மழை பெய்து ஓய்ந்த தொழுவத்து வாசனை. தாம்பாளத்தில் நேற்றைய பழைய திருநீறும் குங்குமமும் வாடின பூவும் கிடந்தன. சாமிக்கு ஆனதைக் கால் படுகிற இடத்தில் போடக்கூடாது, அதனால் அதை முதலில் பால்கனிக் கறிவேப்பிலைத் தொட்டியில் தட்டிவிட்டு வரலாம் என்று போனாள். எப்போதும் செய்கிறதுதான். கால் தானாகப் போகும், கை தானாகத் தட்டும். கீரையா வளர்க்கிறீங்க. மனசு அதையே மென்றுகொண்டிருந்தது. கீரையைப் பற்றி உனக்கு என்னடி தெரியும், கவரில் வாங்குகிறவள். அம்மா வீட்டில் பின்வாசலில் கீரைப் பாத்தி இருந்தது, தண்டங்கீரை, ஆள் உயரம் வராதே தவிர இடுப்புக்கு வரும், விறகடுப்புச் சாம்பலை முறத்தில் அள்ளிக்கொண்டுபோய்த் தூவுவாள் அம்மா, தூவிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு, நாலு நாள்ல பாரு என்பாள், நாலாம் நாள் பாத்தி கண்ணைப் பறிக்கும். கீரைக்குச் சாம்பலைப் போட்டால் போதும், வேறென்ன வேண்டும். கீரையா வளர்க்கிறீங்க அத்தை. தாம்பாளத்தைத் தட்டின கை அப்படியே நின்றது. பால்கனியில் இரண்டு கறிவேப்பிலைத் தொட்டி, ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கினது, ஒரே வெயில், ஒரே தண்ணீர். ஓரத்தில் இருப்பது குச்சியும் கொம்புமாக நிற்கிறது. இவள் தினமும் தாம்பாளம் தட்டுகிறது, கைக்கு எட்டுகிறது, இதுதான், கறுகறுவென்று, இலை பளபளத்து, கம்பியைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கிறது. கீழே ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. அவள் செடியைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தொட்டியைப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். இல்லை. அது சாம்பல், இது திருநீறு. அது அடுப்பில் எரிந்தது, இது மந்திரம் சொல்லி எரித்தது. இல்லையே, செடிக்கு மந்திரமா தெரியும். பாசிக்குத் தெரியுமா. ஐயோ. சிட்டிகை கூடக்கூடத்தானே பச்சை கூடிற்று, நான் பச்சை கூடக்கூடச் சிட்டிகையைக் கூட்டினேன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டினி போட்டேன் மீனை. ஊட்டினேன் பாசியை. என் கையால், விளக்கேற்றி, குளித்து முழுகி, தழைக்கணும் தழைக்கணும் என்று வாயால் வேறு சொல்லி. புதன்கிழமை காலையில் அது மிதந்தது. முந்தின நாள் செவ்வாய்க்கிழமை. உள்ளங்கை கொள்ளும் அளவு. பால்கனிச் சுவரில் சாய்ந்தாள். டம்ளரில் காபிதான் இருந்திருக்கும். குடித்துவிட்டுக் காலி டம்ளரோடு நின்றிருப்பாள். நீயாவது சொல்லியிருக்கக்கூடாதா என்று பூஜை அலமாரிப் பக்கம் பார்த்தாள். ஈஸ்வரன் என்ன செய்வார். தழைக்கணும் என்று கேட்டாள், தழைத்தது. அவருக்கு மீனென்ன, பாசியென்ன.

பொட்டணத்தை மடித்துக் கட்டினாள், அவிழ்ந்தது, மறுபடி கட்டினாள். சொல்லவேண்டாம். யாருக்குத் தெரியப்போகிறது. ஆள் வரட்டும், தூக்கிக்கொண்டு போகட்டும், பழி அவள் தலையிலேயே இருக்கட்டும், செண்பகம் சொல்லிச் சொல்லி அதை ஊரெல்லாம் நட்டுவிடுவாள். ஸ்டூல் போனால் போகிறது. சிரிப்பைத் தாங்க முடியாது. கீரை என்று சும்மா சொன்னதற்கே அந்தச் சிரிப்பு, உண்மையிலேயே கீரைதான் வளர்த்தேன் என்று சொன்னால்? பரமுவிடம் சொல்லுவாள், அந்தக் கம்ப்யூட்டர்க்காரர்களிடம் இங்கிலீஷில் சொல்லுவாள். நமச்சிவாய. சொல்லாவிட்டால் தொட்டி போகும், பரமு வந்து வெறும் மேசையைப் பார்ப்பான், எம்மா, உங்கிட்டதானே விட்டுட்டுப் போனேன் என்பான். அந்த நினைப்பு முடிவதற்குள் வாசல் மணி அடித்தது. யாமினி காதில் ஒயரோடு வந்து திறந்தாள். இரண்டு வாளியும் ரப்பர் குழாயுமாக ஓர் ஆள், தொட்டியைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினான். “மேடம், உள்ள மீன் இருக்கா, இல்ல போயிடுச்சா?”

“இருக்கு இருக்கு, தேடினா கிடைக்கும்” என்றாள் யாமினி. இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த ஆள் குழாயின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டான்.

“எடுங்க அதை” என்றாள் உலகம்மாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “தொட்டி எங்கயும் போகாது. என்னாலதான் பாசி. நான் நிப்பாட்டிட்டா நின்னுரும்.”

“என்ன அத்தை?”

“துர்நூறு போட்டேன். தெனமும். சாம்பல் போட்டாப் பச்சை தழைக்கும்லா. கீரைக்குப் போடுவோம்லா.” ஒவ்வொரு சொல்லையும் கல் எடுத்து வீசுகிற மாதிரி வீசினாள். “அந்த மீனும் என்னாலதான் செத்துச்சு.”

யாமினி காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள். அவள் கண் தாம்பாளத்துக்குப் போயிற்று, பொட்டணத்துக்கு, தொட்டிக்கு. “விபூதியா?” என்றாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, வந்தேவிட்டது. நினைத்த அதே சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. “சாரி அத்தை, சாரி... விபூதி... நான் யூடியூப்ல எல்லாம் தேடினேனே, எவனும் விபூதின்னு சொல்லலையே!” அந்த ஆளுக்குப் போக்குவரத்துச் செலவைக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஒரு மாசம் பார்ப்போம் அத்தை, பரமு வரட்டும் என்று சொல்லி, இன்னும் தோள் குலுங்கக் குலுங்க உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதே மெத்தென்ற சாத்தல்.

சொல்லிவிட்டால் அந்தக் கோபம் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தாள். போகவில்லை. உலகம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து உள்ளே தேடிப் பார்த்தாள், அங்கேயே இருந்தது, அடிவயிற்றில், முன்னைக்கு ஒரு இலைகூடக் குறையாமல். முன்பாவது அதற்கு ஒரு காரணம் இருந்தது, மீனைக் கொன்றவள் என்று. இப்போது அதுவும் இல்லை, சும்மா நிற்கிறது, வேரில்லாமல். சிரித்தாளே, சிரித்தாளே. அப்படிச் சிரிக்காமல் இருந்திருந்தால் அவளை மகள் என்றே கூப்பிட்டிருப்பேன். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. விளக்கேற்றினாள். கை பழக்கத்தில் திருநீற்றுக் கிண்ணத்துக்குள் போய் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்துவிட்டது, எடுத்தது தொட்டிப் பக்கம் திரும்பியும்விட்டது. அதைப் பிடித்து இழுத்துத் தன் நெற்றியில் அப்பிக்கொண்டாள். மூக்கில் உதிர்ந்தது. போன் அதிர்ந்தது. செண்பகம். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை எடுத்தாள்.

“என்னம்மா எடுக்கவே மாட்டேங்க? தூக்கிட்டுப் போயிட்டானா?”

“இல்லட்டி. இருக்கு.”

“இருக்கா! அவ என்ன சொன்னா?”

“சிரிச்சா.” சொல் வாயை விட்டு வருவதற்குள்ளேயே அதில் உப்பு ஏறியிருப்பது தெரிந்தது.

“சிரிச்சாளா? உன்னப் பாத்தா?” மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. “எப்படிச் சிரிச்சா, சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு.”

சொல்லலாம். எப்படி உதட்டைக் கடித்தாள், எப்படி வயிற்றைப் பிடித்தாள், அந்த ஆள் முன்னாலேயே. சொன்னால் மகள் ஐயோ என்பாள், எங்கம்மாவையா என்பாள், அந்தக் கதகதப்பு ராத்திரி தூங்குகிறவரைக்கும் தாங்கும். உலகம்மாளின் இரண்டு விரலும் மடியில் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன, சிட்டிகை பிடித்த வாக்கில். அவள் அவற்றைப் பார்த்தாள்.

“சும்மாதாம்ட்டி சிரிச்சா. அடுப்புல பாலு பொங்குது, வைக்கேன்” என்றாள். அடுப்பில் பால் இல்லை. அடுப்பே பற்றவைக்கவில்லை.

போனைக் கவிழ்த்து வைத்தாள். தொட்டிக்குள் மரக்கட்டையில் அந்த முடிப்பாசி அவள் பக்கமாகவே அசைந்துகொண்டிருந்தது, எங்கே என் பங்கு என்று. உலகம்மாள் முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“கெட” என்றாள். “பட்டினி கெட.”